கவனயீர்ப்புப் போராட்டத்துக்குப் பொலிஸ் அனுமதி வேண்டுமா?

வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "காணி விடுவிப்புக் கோரி யாழ்ப்பாணம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்பாகப் பதாகைகளோடு அமைதியாக நிற்க இருக்கிறோம். அனுமதி இல்லாமல் நின்றால் கைது செய்வோம் என்று பொலிஸார் சொல்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?"

இல்லை. அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறது. 15ஆம் உறுப்புரையின்படி அதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கலாம்; ஆனால், அவை சட்டத்தினால் விதிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும், ஓர் அதிகாரியின் வாய்ச்சொல் அதற்குப் போதாது.

ஊர்வலமாகப் போவதென்றால் நிலைமை வேறு. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன்னர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அங்கும் சட்டம் கேட்பது அறிவித்தலைத்தான். கடிதத்தில் திகதி, நேரம், தொடங்கும் இடம், செல்லும் வீதிகள் ஆகியவற்றை எழுதி, உங்கள் பிரதியில் கையளித்த நேரத்தோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள்; பின்னர் வழக்கென்று வந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். பொது ஒழுங்கின் பொருட்டு ஊர்வலத்தைத் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கே அதிகாரம் உண்டு. அந்தப் பணிப்பு வாய்மொழியாகவும் வரலாம் என்பதால், எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். ஒலிபெருக்கி பாவிப்பதென்றால் அதற்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் தேவை.

எங்கள் பகுதியில் அதிகம் காண்பது நீதவான் நீதிமன்றத் தடையுத்தரவு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ்ப் பொலிஸார் விண்ணப்பிக்க, அவசரமென்று கருதினால் மறுதரப்பைக் கேளாமலேயே நீதவான் கட்டளை வழங்கலாம். வீட்டு வாசலில் அதை வாங்கியவர்கள் பலர், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஒதுங்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கட்டளையை மீறக்கூடாது, ஆனால், அதை நீக்கும்படியோ மாற்றும்படியோ அதே நீதவானிடம் சட்டத்தரணி ஊடாக விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக அது 14 நாட்களுக்கு மேல் செல்லுபடியாகாது. யாருக்கு, எந்த இடத்தில், எதைத் தடுக்கிறது என்பதை வரிக்கு வரி வாசியுங்கள்.

ஐந்து பேருக்கு மேல் கூடினாலே குற்றம் என்ற பேச்சும் சரியல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவின்படி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடுவது மட்டும் போதாது, அவர்களின் பொது நோக்கமும் அப்பிரிவு சொல்லும் சட்டவிரோத நோக்கமாக இருக்க வேண்டும். 1992இல் அரசுக்கு எதிராகப் பறையடித்தும் மணியடித்தும் நடந்த 'ஜனகோஷ' எதிர்ப்பைப் பொலிஸார் குழப்பியபோது, அத்தகைய ஓசையும் கருத்து வெளிப்பாடே என்று உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்ய உங்களுக்கு இருப்பது ஒரு மாதம் மட்டுமே. ஆகவே, சம்பவம் நடந்த அன்றைக்கே விபரங்களை எழுதி வைத்துக்கொண்டு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.