உதவி பண்ணப் போறேன்னு கெளம்பாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டுல ஒரு செமஸ்டர் படிக்கக் கெளம்பற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் இங்க உக்காந்திருக்கீங்க. விசா, இன்சூரன்ஸ் எல்லாம் ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க, நான் அதுக்குள்ள போகல. அங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நான் போறப்ப அதை யாரும் எனக்குச் சொல்லல.

ஹாஸ்டல்ல தங்கி காலேஜுக்குப் போயிட்டு வர்ற படிப்பு இல்ல இது. ஒரு குடும்பத்தோட அவங்க வீட்டுலயே தங்குவீங்க. காலையில மொழி கிளாஸ், மத்தியானத்துக்கு மேல அந்த ஊர் ஸ்கூலோ லைப்ரரியோ வயசானவங்க கூடற இடமோ ஏதோ ஒண்ணுல வேலை, ராத்திரி டைரி எழுதணும், வாரத்துல ஒரு நாள் எல்லாரும் உக்காந்து நடந்ததைப் பேசணும். 1932லயே டொனால்ட் வாட்னு ஒரு அமெரிக்கர் இதுக்கு விதை போட்டார். சேர்ந்து வாழ்ந்தாத்தான் சேர்ந்து வாழக் கத்துக்க முடியும்ங்கறது அவரோட நம்பிக்கை, வெளிநாட்டுக் குடும்பங்களோட மாணவர்களைத் தங்க வைக்கற பழக்கம் அங்கேர்ந்துதான் வளர்ந்துச்சு.

எனக்கு மொழி வந்தது கிளாஸ்ல இல்லீங்க, துணி மடிக்கறப்ப. நான் தங்கின வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்க. சாயங்காலம் காஞ்ச துணியைக் கட்டில்ல கொட்டிட்டு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுவாங்க, இது யாரோடதுன்னு நான் அவங்க மொழியில சொல்லணும், அவனோடது, அவளோடது, நம்மளோடதுன்னு. தப்பாச் சொன்னா துணியோட ஒரு முனையை விடவே மாட்டாங்க, நான் இந்தப் பக்கம் புடிச்சிருப்பேன், அவங்க அந்தப் பக்கம், சரியாச் சொன்ன நிமிஷம் கை விடுவாங்க. ரெண்டு மாசத்துல என் சட்டையைக் காட்டி "நம்மளோடது"ன்னு அவங்களே சொன்னாங்க, அன்னைக்கு ராத்திரி டைரியில வேற எதுவும் எழுதல நான்.

இப்ப நான் வேலை பாத்த லைப்ரரி விஷயத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். சின்னப் பசங்களுக்கு வாசிக்கச் சொல்லித்தர்றதுன்னு நானே முடிவு பண்ணி, சாயங்காலம் அஞ்சு மணின்னு போர்டு எழுதி, படம் போட்ட அட்டையெல்லாம் வெட்டி வெச்சுட்டு உக்காந்தேன். மூணு நாள் ஒரு புள்ளகூட வரல. நாலாவது நாள் லைப்ரரியைப் பாத்துக்கற பெரியவர் பக்கத்துல வந்து, "யாரைக் கேட்டும்மா இந்த நேரம் வெச்ச?"ன்னார். யாரையும் கேக்கல. அப்பா அம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அந்தப் பசங்கதான் தம்பி தங்கச்சியைப் பாத்துக்கணும், அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும் தெரியல. அப்புறம் அவரே வழி சொன்னார், குட்டிங்களையும் தூக்கிட்டு வரட்டும், கீழ ஒரு பாய் விரிச்சுடுன்னு. அவ்வளவுதான், மறுவாரம் ஒம்பது பேர், அதுல நாலு பேர் இடுப்புல குழந்தையோட.

1968 ஏப்ரல்ல மெக்சிகோவுல குவெர்னவாகாங்கற ஊர்ல, சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களைப் பாத்து இவான் இலிச்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் பேசினார். பாக்க வாங்க, மலை ஏற வாங்க, படிக்க வாங்க, ஆனா உதவி பண்ண வராதீங்கன்னு முகத்துக்கு நேரா சொன்னார். போகறதுக்கு முன்னாடி அதைப் படிச்சப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு, அந்த மூணு நாள் காலி லைப்ரரியில உக்காந்தப்பதான் உள்ள இறங்குச்சு. முழுசா ஏத்துக்கறேன்னு சொல்ல மாட்டேன், கூப்பிட்டுக் கேட்ட வேலையைச் செய்யறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா கேக்கற வரைக்கும் காத்திருக்கணும், கிழிஞ்ச புஸ்தகத்தை ஒட்டுங்க, ரெஜிஸ்டர் எழுதுங்க, கண்ணைத் தொறந்து வெச்சுக்கோங்க.

மனசு சோர்ந்து போற கட்டம் ஒண்ணு வரும், பயப்படாதீங்க. நார்வேயிலேர்ந்து அமெரிக்கா போயிட்டு வந்த ஃபுல்பிரைட்ங்கற உதவித்தொகை வாங்கின 200 பேரை வெச்சு லிஸ்கார்ட்னு ஒரு ஆய்வாளர் 1955ல எழுதினார். ஆறு மாசத்துக்குள்ள திரும்பினவங்களும் 18 மாசத்துக்கு மேல இருந்தவங்களும் நல்லா ஒட்டிக்கிட்டாங்க, நடுவுல இருந்தவங்கதான் தவிச்சாங்களாம். நமக்கு ஒரு செமஸ்டர்தான், ஆனாலும் எனக்கு அஞ்சாவது வாரமே வந்துடுச்சு. அப்ப ரூமைச் சாத்திக்கிட்டு ஃபோனோட படுக்காதீங்க, வீட்டுல இருக்கறவங்க பக்கத்துல போய் சும்மா உக்காருங்க, பேசக்கூட வேணாம்.

கடைசி வாரத்தை ஃபோட்டோ எடுத்தே தீத்துடாதீங்க, குழந்தைங்க படம்னா பெத்தவங்களைக் கேக்காம தொடவே தொடாதீங்க. அந்த வாரம் நான் ஒரு நோட்டு எழுதினேன், எந்தப் புள்ள எந்தப் பக்கம் வரைக்கும் வாசிச்சிருக்கு, எது எந்த நேரத்துக்கு வரும்னு, எனக்கு அப்புறம் வர்றவங்களுக்காக. பெரியவர் அதை வாங்கிப் படிச்சுட்டு, நான் எழுதியிருந்த ரெண்டு நேரத்தை அடிச்சு மாத்தினார், அப்புறம் ரெஜிஸ்டர் பக்கத்துலயே வெச்சுக்கிட்டார்.