முறைத் தண்ணீர்

வன்னி நேயர்கள் எல்லோருக்கும் அன்பான காலை வணக்கம்.

எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை ஞாயிறு பாடசாலையில் பல வருடங்களாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சிக்கிறார்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்புவிப்பார்கள். எனக்கும் மனப்பாடம்தான். ஆனால் அந்த வசனம் என்னைப் பிடித்தது ஒரு சிறுபோகத்தில், அதாவது கோடை நெற்செய்கையில், வாய்க்கால் வரம்பில் வைத்து.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியில் விதைக்கிற காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகம் அப்படியில்லை, குளத்தில் கிடக்கிற தண்ணீர்தான் கணக்கு. கூட்டம் வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். பிறகு முறை வைத்துத் தண்ணீர் பாயும். அந்த வருடம் என் நெல் குடலைப் பருவத்தில், கதிர் வெளியே வரமுன் தண்டுக்குள் இருக்கிற நிலையில், நின்றது. அந்த நேரம் தண்ணீர் குறைந்தால் நெல் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும். ஒரு இரவு, என் முறை முடிந்த பிறகும், இரண்டு மண்மூட்டைகளை வைத்து வாய்க்காலை மறித்து என் பக்கம் திருப்பிவிட்டேன். விடியமுன் போய் எடுத்துவிடலாம் என்று நினைத்துப் படுத்தவன், நித்திரையாகிப் போனேன்.

காலையில் போனால் கீழ்வயல் அம்மா அங்கே நிற்கிறார். கணவரை இழந்தவர், எங்கள் சபையில் கடைசி வரிசையில் இருப்பவர். கையில் ஒரு மண்கட்டி. அவருடைய வயலில் வெடித்துக் கிடந்த இடத்தில் பெயர்த்தது. அதில் ஒரு நெற்பயிரின் வேர் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போடவில்லை. கட்டியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஜெபம் பண்ணேக்க நான் ஆமென் சொல்லுறனான். இனி எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு வந்தது கோபம். மூன்று நாள் அந்தக் கோபத்தோடு திரிந்தேன். போன வருடம் அவருடைய மாடு என் பயிரை மேய்ந்தது ஞாபகம் வந்தது. மற்றவர்களும் மறிக்கிறார்கள்தானே என்று தோன்றியது. ஒரு விதவைப் பெண் எனக்குப் புத்தி சொல்வதா என்றுகூட நினைத்தேன். அதை இப்போது வாய்விட்டுச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நேயர்களே, கண்டிக்கப்படும்போது மனிதன் முதலில் தேடுவது தன் பிழையை அல்ல, கண்டித்தவரின் பிழையை.

உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்த கதையை அந்த நாட்களில்தான் திரும்ப வாசித்தேன். நாத்தான் ஒரு உவமை சொல்கிறார்: நிறைய ஆடு வைத்திருந்தவன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொள்கிறான். தாவீது அந்தப் பணக்காரன் மேல் கொதிக்கிறான். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். என் வாய்க்கால் தண்ணீரும் அந்த ஆட்டுக்குட்டிதான். தாவீது அரசன். நாத்தானைச் சிறையில் போட்டிருக்கலாம். "கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன்" என்று மட்டும் சொன்னான். விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அம்மா கமக்காரர் அமைப்பில் முறையிட்டிருக்கலாம். போதகரிடம் போயிருக்கலாம். என்னிடம் தனியாகத்தான் வந்தார். மத்தேயு 18இல் இயேசு சொன்ன வழி அதுதான்: நீயும் அவனும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து.

சிட்சை என்றால் பலருக்குப் பிரம்புதான் ஞாபகம் வரும். கிரேக்கத்தில் அது பைதேயா, பிள்ளை என்ற சொல்லிலிருந்து வந்தது. பிள்ளையை வளர்த்தெடுக்கிற வேலை முழுவதும் அதற்குள் அடங்கும். அதே அதிகாரம், சிட்சை அந்த நேரம் துக்கமாகத்தான் இருக்கும், "அதில் பழகினவர்களுக்கு" பிற்பாடு சமாதான பலனைத் தரும் என்கிறது. பழகினவர்களுக்கு என்ற சொல்லில் நான் நின்றுவிடுவேன். உழவு இயந்திரம் வரமுன் எங்கள் ஊர்களில் நாம்பனை, அதாவது இளம் காளையை, பழக்கும்போது, பழகின எருதோடு சேர்த்துத்தான் நுகத்தில் பூட்டுவார்கள். நாம்பன் இழுக்கும், படுக்கும், திமிறும். பக்கத்து மாடு பேசாமல் நடந்துகொண்டே இருக்கும். என் பக்கத்தில் அப்படி நடந்தவர் அந்த அம்மா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டேன். 2009இல் இந்த மண்ணில் நடந்த அழிவு கடவுள் எங்களுக்குக் கொடுத்த சிட்சை என்று சிலர் பிரசங்கிப்பதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று சொன்னவர் இயேசு. மனந்திரும்பச் சொன்னது கேட்டுக்கொண்டு நின்றவர்களை. சிட்சையை நான் எனக்காகக் கேட்கலாம், அடுத்தவரின் கண்ணீருக்கு அதைப் பெயராக வைக்க எனக்கு உரிமை இல்லை.

பேதுருவும் கண்டிக்கப்பட்டவர்தான். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் எல்லார் முன்னும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று இதைச் சொல்கிற கலாத்தியர் நிருபத்தில் இல்லை. ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் முடிவில் பவுலைப் பற்றி ஒரு வரி வருகிறது: பிரியமான சகோதரன். அதைத்தான் நான் அந்தப் பதிலாக வாசிக்கிறேன்.

நான்காம் நாள் பின்னேரம் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் தயார்பண்ணிய வசனங்கள் படலையடியிலேயே மறந்துபோயின. "அம்மா, நான் செய்தது பிழை" என்றேன். "சரி தம்பி, இருங்கோ" என்று தேத்தண்ணீர் ஊற்றப் போனார். அடுத்த முறைத் தண்ணீரை அவருக்கு விட்டேன். அறுவடையில் அவருக்குக் குறைந்த நெல்லை என் களத்திலிருந்து அளந்து கொடுத்தேன். அது கடன், தர்மம் இல்லை.

அந்த ஞாயிறு ஜெபம் நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். நான் இன்னொருவரைக் காட்டினேன். அடுத்த கிழமையும் அப்படியே. மூன்றாம் கிழமை, நான் தலையைக் குனிந்து இருக்க, கடைசி வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "தம்பி, எழும்புங்கோ."