அரை அங்குலத்துக்கு ஒன்பதரை மூட்டை

நேயர்களுக்கு வணக்கம். வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், மேல்தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்கட்டும்?" என்பதுதான். ஒரே வரியில் பதில் வேண்டும் அவர்களுக்கு. யாரோ ஏற்கெனவே "சதுர அடிக்கு 0.4 மூட்டை" என்று காதில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது அஸ்திவாரம் தொடங்கிப் பூச்சுவேலை வரை முழு வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லும் குத்துமதிப்பு. தளத்துக்கு மட்டும் அதை நம்பி வாங்கினால் 1000 சதுர அடிக்கு 400 மூட்டை வந்து இறங்கும். அதில் முக்கால்வாசி வராந்தாவில் கிடந்து இறுகும்.

வானொலியில் படம் வரைந்து காட்ட வழியில்லை. ஒரு காகிதம், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை மெதுவாகச் சொல்கிறேன்.

தளம் 1000 சதுர அடி, கனம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 1000-ஐ 5-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 417 கன அடி. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். தளத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் பீம் யார் கணக்கு? 9 அங்குல அகலம், தளத்தின் அடியிலிருந்து 12 அங்குல ஆழம், எல்லாம் சேர்த்து 130 அடி நீளம் என்றால் அதுவே 98 கன அடி. ஆக மொத்தம் 515. சன்ஷேடும் படிக்கட்டும் அதே நாளில் போடுவதாக இருந்தால் அவையும் தனியாகச் சேர வேண்டும்.

கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம் 20 என்ற பலத் தரத்துக்குக் குறைந்தது கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. நம் ஊரில் அதை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையாகப் போடுகிறோம்: சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, முக்கால் அங்குல ஜல்லி மூன்று. இந்தக் கலவையில் 100 கன அடி காங்கிரீட்டுக்கு 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி மணல், 84 கன அடி ஜல்லி. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

கூட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. அப்படியானால் 23 மூட்டைக்கு 28 கன அடி. எல்லாம் சேர்ந்து 154 ஆகிறதே, 100 என்கிறாரே! ஒரு அண்டா நிறைய ஜல்லியை நிரப்பி அதன்மேல் மணலைக் கொட்டுங்கள், இடுக்குகளில் இறங்கிவிடும். மணலின் இடுக்குகளில் சிமெண்ட் இறங்கும். காணாமல் போன 54 கன அடி அங்கேதான் இருக்கிறது.

நம் 515 கன அடிக்கு 118 மூட்டைக்குச் சற்று மேல் வருகிறது. நான் 125 என்று எழுதுவேன். ஏன் என்று ஒரு கதை சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிது. நல்ல நாள் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தளம் போட்டோம். கணக்கு நான்தான், இரண்டு முறை சரிபார்த்த கணக்கு. மதியம் மூன்று மணிக்கு, மூலை அறையில் 60 சதுர அடி பாக்கி இருக்கும்போது சிமெண்ட் தீர்ந்துவிட்டது. வேண்டியது ஆறே மூட்டை. கடை பூட்டியிருந்தது. அதற்கு முன்பே மேஸ்திரி மெல்ல வந்து, "கடைசி நாலு கலவையைக் கொஞ்சம் இளக்கிப் போட்டு ஒப்பேத்திரலாமா?" என்று கேட்டிருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வந்து மீதியைப் போட்டோம். அடுத்த ஐப்பசி மழையில், பழசும் புதுசும் சேர்ந்த கோட்டில் அப்படியே ஒழுகியது.

கணக்கு எங்கே தப்பியது? ரொம்ப நாள் கழித்து ஒரு பைப்புக்காகத் தளத்தில் துளை போட்டபோது அளந்து பார்த்தேன். 5 அங்குலம் இருக்க வேண்டிய இடம் 6-ஐ நெருங்கியிருந்தது. காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடுகளுக்கு அடியில் நிற்கிற சென்ட்ரிங் முட்டுகளைப் புதிதாக நிரப்பிய மண்ணில் பலகை வைக்காமல் நிறுத்தியிருந்தார்கள். பாரம் ஏற ஏற முட்டு மண்ணுக்குள் இறங்க, தகடு தொய்ய, அந்தப் பள்ளத்தைக் காங்கிரீட் நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. 1000 சதுர அடியில் சராசரியாக அரை அங்குலம் கூடினால் கிட்டத்தட்ட 42 கன அடி. மூட்டைக் கணக்கில் ஒன்பதரை. அன்றிலிருந்து, காங்கிரீட் போடும் நாளில் நூல் கட்டித் தகடு மட்டம் பார்க்காமல் மிக்ஸரை ஓட விடுவதில்லை.

அடுத்து மணல். ஆற்று மணலோ எம்-சாண்டோ, ஈரமாக இருந்தால் உப்பிக்கொள்ளும். ஒரு நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மணலை நிரப்புங்கள். அதை வெளியே கொட்டிவிட்டு, பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் குத்திவிடுங்கள். மட்டம் 16-க்கு இறங்கினால் உங்கள் மணல் 25 சதவீதம் உப்பியிருக்கிறது. 42 கன அடிக்குப் பதிலாக 52 கன அடிக்கு மேல் வாங்கினால்தான் நிஜத்தில் 42 கிடைக்கும். மழைக்காலத்தில் தளம் போட்டு, "காங்கிரீட் ஏன் பத்தல?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும், பாவம், சிமெண்ட் மூட்டையில் எடை சரியாகத்தான் இருந்தது.

லாரியில் வரும் மணல், ஜல்லிக்கு ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. பெட்டியின் நடுவில் குவிந்திருக்கும், மூலைகளில் பள்ளமாக இருக்கும். கம்பியை ஐந்தாறு இடத்தில் குத்திச் சராசரி உயரம் எடுங்கள்.

வேலை நடக்கும்போது மணலையும் ஜல்லியையும் பாண்டில், அதாவது இரும்புச் சட்டியில், அள்ளிப் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. காலையில் பாண்டு தலைதட்டி வரும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குவிந்து வரும். 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரத்தில் ஒரு மரப்பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். சரியாக 35 லிட்டர், அதாவது ஒரு மூட்டையின் அளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது. ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் அதில் அடக்கம்.

மிஞ்சிய ஐந்தாறு மூட்டை வீணாகாது, பூச்சுக்கு ஆகும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பிளாண்டில் கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் காங்கிரீட் வாங்குகிறவர்கள் கன அடியை 35.3-ஆல் வகுத்துக் கன மீட்டராக்க வேண்டும். நம் 515 கன அடிக்கு 14.6 கன மீட்டர் வருகிறது. வண்டிக்கு 6 கன மீட்டர் என்றால் முதல் இரண்டு வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மூன்றாவதுக்கு முன்கூட்டி அளவு கொடுக்காதீர்கள். இரண்டாவது வண்டி பாதி இறங்கியதும் டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மிச்சமிருக்கும் இடத்தை அளந்து, நாலு இடத்தில் ஆழத்தையும் பார்த்து, பிறகு பிளாண்டுக்குப் போன் போடுங்கள். காகிதத்தில் 2.6 இருந்தும் நான் மேலேயிருந்து மூன்றேகால் சொன்ன நாட்கள் உண்டு.

நன்றி, வணக்கம்.