காலபகோஸ் போக 600 மி.மீ. லென்ஸ் வேணுமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "காலபகோஸ் போறதுக்காக மூணு வருஷமா காசு சேர்த்துட்டிருக்கேன். கையில இருக்கறது ஒரு 100-400 லென்ஸ்தான். 600 வாங்கினாத்தான் நல்ல படம் கிடைக்குமா?"

வாங்காதீங்க. அந்தக் காசைப் படகுப் பயணத்துக்குப் போடுங்க. ஏன்னு சொல்றேன்.

நம்ம ஏரிக்கரையில மீன்கொத்தியைப் படம் எடுத்துப் பழகினவங்களுக்கு மனசுல ஒரு கணக்கு இருக்கும். கிட்டப் போனா பறந்துடும், அதனால பெரிய லென்ஸ் வேணும்னு. அந்தக் கணக்கு அங்க எடுபடாது. ஈக்வடார் கரையிலேர்ந்து கிட்டத்தட்ட 1000 கி.மீ. தள்ளி, கடலுக்கு அடியிலேர்ந்து எரிமலையா எழும்பி வந்த தீவுகள் அது. எந்தக் கண்டத்தோடயும் ஒட்டி இருந்ததே இல்ல. தரையில வேட்டையாடுற பெரிய விலங்கு எதுவும் தானா அங்க போய்ச் சேரல. அதனால ஆளைக் கண்டா ஓடணும்ங்கிற பயம் அங்க இருக்கற உயிர்களுக்கு ஊறவே இல்ல. நீலக்கால் பூபிங்கிற கடல் பறவை நாம நடக்கிற பாதையிலயே முட்டை வெச்சு உக்காந்திருக்கும். நாமதான் ஒதுங்கிப் போகணும்.

அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்க விதி, எந்த உயிர்கிட்டேர்ந்தும் 2 மீட்டர் தூரம். ஃபிளாஷ் கூடாது, டிரோனும் கூடாது. கடல் சிங்கக் குட்டி தானா வந்து உங்க ஷூவை மோந்து பார்க்கும். அப்பவும் நீங்கதான் பின்னால நகரணும். தயவுசெஞ்சு தொட்டுடாதீங்க. குரலையும் வாசனையையும் வெச்சுத்தான் தாய் அதைத் தன் குட்டின்னு தெரிஞ்சுக்குது. ஒரு படத்துக்காக அந்த வாசனையைக் கெடுக்கிறது பெரிய பாவம்னு நான் நினைக்கிறேன்.

சரி, படகு ஏன்னு வர்றேன். எனக்கு அங்க ரொம்பப் பிடிச்ச இடம் மேற்குக் கோடியில இருக்கற ஃபெர்னான்டினா. படகுலயே தங்கிப் போற பயணத்துலதான் அங்க போக முடியும். அந்தத் தீவோட லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்லகூட வெடிச்சு, நெருப்புக் குழம்பு கடல் வரைக்கும் ஓடுச்சு. அந்தப் பக்கம் குரோம்வெல்ங்கிற கடல் நீரோட்டம் தீவோட அடிவாரத்துல மோதி, ஆழத்துல இருக்கற குளிர்ந்த தண்ணியை மேல தள்ளுது. அதுல சத்து இருக்கு. பாசி வளருது, மீன் சேருது. அதனாலதான் பூமத்திய ரேகையிலயே பென்குவின் வாழுது! பறக்காத நீர்க்காகத்தை உலகத்துலயே இங்கயும் பக்கத்து இசபெலாவுலயும் மட்டும்தான் பார்க்கலாம். குட்டையா, கிழிஞ்ச குடை மாதிரி இருக்கற ரெக்கையை விரிச்சுக் காய வெச்சுக்கிட்டு நிக்கும்.

ஆனா அங்க ஒரு சிக்கல். கடல் இகுவானாங்கிற பெரிய பல்லி கருப்பு, அது குவிஞ்சு கிடக்கிற பாறையும் கருப்பு. கேமரா அதைச் சாம்பலா வெளுக்க வெச்சுடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைங்க. இகுவானா மூக்கு வழியா உப்புத் தண்ணியைப் பீச்சி அடிக்கும். வெளிச்சம் அதுக்குப் பின்னாலேர்ந்து வர்ற மாதிரி உக்காந்து, ஷட்டரை 1/1000 வினாடியைவிட வேகமா வெச்சுக் காத்திருங்க. முட்டி போட்டு, லென்ஸை 100-லயே வெச்சு, பின்னால எரிமலையும் சேர்ந்து வர்ற மாதிரி எடுங்க. 600 இருந்தா முகம் மட்டும்தான் வரும், இடம் வராது.

ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் காருவான்னு மேகமும் தூறலுமா இருக்கும். மழைன்னு பயப்படாதீங்க, கருப்புப் பாறைக்கு அந்த மெத்துன்னு இருக்கற வெளிச்சம்தான் அழகு. கரைக்குக் கூட்டிட்டுப் போற சின்ன ரப்பர் படகுல மட்டும் லென்ஸ் மாத்தாதீங்க, உப்புத் தெறிக்கும்.

இன்னொண்ணு. காலையில 6 மணிக்கு முன்னாடியோ, சாயங்காலம் 6-க்கு அப்புறமோ கரையில இருக்க முடியாது. அங்க சூரியன் நேரா மேல ஏறிடும், நல்ல வெளிச்சம் சீக்கிரம் போயிடும். ஒவ்வொரு படகும் போற பாதையைப் பூங்காவே வரையறுத்து வெச்சிருக்கு. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேளுங்க: மேற்குப் பாதையா, ஃபெர்னான்டினாவுல புன்டா எஸ்பினோசாவுக்கு எத்தனை மணிக்கு இறக்கி விடுவீங்க?