கற்ற பாடமா, பட்ட பாடா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஏழு நிமிஷம்தான் இருக்கு. நேரா கூடாரத்துக்குள்ள போயிடுவோம்.

"சின்ன வயசுல போன சாரணர் முகாம் மனசுல நிக்கக் காரணம் கற்ற பாடமா, பட்ட பாடா?" நாங்க பட்ட பாட்டின் பக்கம். எதிரணித் தலைவர் முடிக்கும்போது ஒரு போடு போட்டார்: "நனைஞ்சவனெல்லாம் கத்துக்கிட்டவன்னா, தவளைதான் உலகத்திலேயே பெரிய சாரணர்!" அரங்கமே கைதட்டுச்சு. நானும்தான் தட்டினேன். ஆனா அந்தத் தவளைக்குப் பதில் சொல்லாம நான் உட்கார மாட்டேன்.

பருத்திக் கித்தான் கூடாரம். உள்ளே ஆறு பேர். முதல் முகாமுக்கு வந்த பதினோரு வயசுப் பையனுக்கு ஓரத்து இடம். சாயங்காலமே சொல்லியாச்சு: "மழை பெய்யும்போது கித்தானை உள்ளேயிருந்து தொடாதே." தலையை ஆட்டினான். ராத்திரி மழை கொட்டுது. உள்ளே ஒரு சொட்டு இறங்கலை. அவனுக்கு ஆச்சரியம் தாங்கலை. வெறும் துணிதானே, எப்படித் தாங்குது? ஒரே ஒரு விரலை நீட்டினான். பொட்! நெத்தியில விழுந்தது. அடுத்து இன்னொரு பொட்!

இருங்க, திரும்பச் சொல்றேன். இந்தத் தடவை விரலை மட்டும் பாருங்க. பருத்தி நூல் நனைஞ்சா உப்பும். இழைக்கு இழை இருந்த சந்து அடைபடும். மிச்ச இடுக்குல தண்ணி மெல்லிய தோல் மாதிரி இழுத்துப் பிடிச்சு நிக்கும். விரல் பட்டதும் அந்தத் தோல் அறுந்துபோச்சு, அந்த இடத்துல ஒழுக ஆரம்பிச்சுட்டுது. பையன் என்ன செஞ்சான்? உள்ளங்கையால துடைச்சான்! ஒரு புள்ளியா இருந்த ஒழுக்கு உள்ளங்கை அகலத்துக்கு விரிஞ்சது. அப்போ இருட்டுல இன்னொரு கை வந்தது, அந்தக் கூடாரத்துப் பசங்களோட அணித்தலைவன் கை. அந்தப் புள்ளியில விரலை வெச்சு, துணியோட ஒட்டினபடியே கீழே விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். தண்ணி அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா இறங்கிப் போச்சு. ஒரு வார்த்தை பேசலை. நடுவர் அவர்களே, சாயங்காலம் சொன்னது காதோட நின்னுச்சு. இது ஆயுசுக்கும் போகாது.

மூணாவது தடவை, வெளியிலிருந்து பாருங்க. சாயங்காலம் கூடாரக் கயித்தையெல்லாம் தந்தி மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டி அழகு பார்த்தாங்க. பருத்திக் கயிறு, சணல் கயிறு நனைஞ்சா சுருங்கும். படுக்கப் போகும்போது கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கணும், விடலை. முளைக்குச்சியையும் செங்குத்தா அடிச்சிருக்காங்க. அதோட தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சு, ஏறக்குறைய 45 டிகிரியில இறங்கியிருந்தா, கயிறு இழுக்க இழுக்க மண்ணு பிடிச்சு நிறுத்தியிருக்கும். செங்குத்தா நின்னது நடுராத்திரியில ஒண்ணொண்ணா பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. நைலான் கயிறா இருந்தா தலைகீழ்க் கதை: நனைஞ்சா தொய்யும், இறுக்கணும். இந்த வித்தியாசம் தெரியாம பழைய பழக்கத்துல நைலானைத் தளர்த்திவிட்டுத் தூங்கினவங்களும் உண்டு.

இப்போ தவளைக்கு வர்றேன். தவளையும் நனையுது, ஒத்துக்கிறேன். ஆனா அடுத்த மழைக்கு முன்னாடி எந்தத் தவளையும் எழுந்து போய்க் கயித்தைத் தளர்த்தினதில்லை! அந்தப் பையன் போனான். மறுநாள் வானம் கறுத்ததும், யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு கயிறா தொட்டுப் பார்த்துத் தளர்த்தினான். அதுக்கடுத்த முகாம்ல வாசலைக் கட்டி மூடிட்டுத்தான் மூலை முளையை அடிச்சான். ஏன்னா வாசலைத் திறந்து வெச்சு அடிச்சா, அப்புறம் ரெண்டு பக்கமும் சேராது. பள்ளத்துல கூடாரம் போடலை, தண்ணியும் குளிரும் அங்கதான் தேங்கும். மரத்தடியிலயும் போடலை, காஞ்ச கிளை விழும். மழை விட்டாலும் மரம் விடாம சொட்டும். சுள்ளியை ஒடிச்சுப் பார்த்தான். டக்குனு முறிஞ்சாத்தான் அடுப்புக்கு எடுத்தான், வளைஞ்சா பச்சைன்னு விட்டுட்டான். பாத்திரத்துக்கு வெளிப்பக்கம் சோப்பைக் குழைச்சுப் பூசிட்டுத்தான் விறகடுப்புல ஏத்தினான். முதல் முகாம்ல பூசாம வெச்சு, கரியோட ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்ன கை அது.

எதிரணியில இன்னொருத்தர் கேட்டார்: "1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல இருக்கிற பிரவுன்ஸீ தீவுல, சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவல் நடத்தின முதல் முகாமே திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததுதானே?" திட்டம் இருந்தது, உண்மைதான். ஆனா வந்த இருபது சொச்சம் பிள்ளைகளை நாலு அணியாப் பிரிச்சு, ஒவ்வொரு அணியையும் ஒரு மூத்த பையன் பொறுப்புல விட்டார். பட்டுத் தெரிஞ்சுக்க அதுலயே வழி இருக்கு. கேள்வி கேட்டவருக்கு இந்தப் பதில் போதும்.

நடுவர் கை மணிக்குப் போகுது. நான் அந்தக் கூடாரத்துக்கே திரும்பிப் போயிடறேன்.

கயித்தைத் திரும்பக் கட்டிட்டு எல்லாரும் படுத்தாச்சு. ஓரத்துல அந்தச் சின்னவன் வாயைப் பொத்திக்கிட்டு அழறான். அணித்தலைவனுக்கு வயசு பதினாலு, அவனும் குழந்தைதான். எழுந்து வந்தான். நனைஞ்ச சட்டையை மாத்தவெச்சான். தன் போர்வைகள்ல ஒண்ணை எடுத்து, சின்னவன் மேல போர்த்தலை, நாலா மடிச்சு அடியில விரிச்சான். உடம்புச் சூட்டை உறிஞ்சறது தரைன்னு அவனுக்கு யாரோ இப்படி ஒரு ராத்திரியிலதான் காட்டிக் கொடுத்திருக்கணும். அப்புறம் சின்னவனை உள்ளே தள்ளிட்டு, ஈரமான ஓரத்துல தான் படுத்துக்கிட்டான். விடிஞ்சதும் யார்கிட்டயும் அதைச் சொல்லலை.

எத்தனை வருஷம் போனாலும், கெட்டியான கூரைக்கு அடியில, மெத்தையில படுத்திருக்கும்போது ராத்திரி மழைச் சத்தம் கேட்டா, பாதித் தூக்கத்துல அந்தச் சின்னவனோட கை எழும்பும், மேலே போகும், எதையும் தொடாம நிக்கும். அப்புறம் பக்கத்துல படுத்திருக்கிற குழந்தைக்கு அடியில போர்வை இருக்கான்னு தடவிப் பார்க்கும்.

வணக்கம்.