ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வணக்கம். மணி காலை ஆறு. என் விரல்களைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். முழுசாக மடங்குகின்றன. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே நேரத்தில் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க வராது. கை இளகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம்.

சிக்குன்குனியா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தெருவில் பலருக்கு வந்திருந்ததால் நானும் நம்பிவிட்டேன். எட்டு மாதம் வலி மாத்திரையிலேயே ஓடியது. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். உண்மையில் எனக்கு வந்திருந்தது முடக்குவாதம், ஆங்கிலத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். இது மூட்டுத் தேய்மானம் இல்லை. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்கி, எலும்பை அரிக்கிறது. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்தாது. அப்புறம் ஒன்று: இதற்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது. எனக்கு அது நெகட்டிவ்தான். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனைதான் காட்டிக் கொடுத்தது.

சரி, இதற்கு நான் போடும் மாத்திரைக்கு வருகிறேன். மெத்தோட்ரெக்சேட். இணையத்தில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வரும். அதைப் படித்துவிட்டு அம்மா அழுதே விட்டார். புற்றுநோய்க்குத்தான் முதலில் பயன்படுத்தினார்கள், உண்மை. ஆனால் அங்கே கொடுக்கும் அளவு மிகப் பெரியது. நமக்குப் பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அமெரிக்காவில் இந்த நோய்க்கு 1988லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

வாரத்துக்கு என்றேன், கவனித்தீர்களா? வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஒரு கடையில் எனக்குக் கவரின் மேல் ‘இரவு 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்லவேளை, மருத்துவர் சொன்னது நினைவிருந்தது. வீட்டில் வயதானவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். எனக்கு ஞாயிறு. டப்பாவின் மேலேயே சிவப்பு மார்க்கரில் எழுதியிருக்கிறேன், இதோ. ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை செவ்வாய்க்கிழமை. அதைச் சேர்த்த பிறகு திங்கட்கிழமைக் குமட்டல் நன்றாகக் குறைந்தது.

போட்ட மறுநாளே குணம் தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். எனக்கு ஒன்பதாவது வாரம்தான் ஒருநாள் துணியைப் பிழிந்தேன். பிழிந்து முடித்த பிறகுதான் கை வலிக்கவில்லை என்பதே உறைத்தது. அதுவரை பொறுக்க முடியாமல் ஐந்தாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றையும் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அடிக்கடி, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. வேறு எதற்காக டாக்டரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்களைப் பலமாகக் குறைத்துவிடும்.

எனக்கு அடுத்த பரிசோதனை புதன்கிழமை. ரிசல்ட் வந்ததும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக உங்களோடு பார்க்கிறேன்.