'நம்பிக்கை இருக்கிறதா?' என்று கேட்டால்

நேயர்களுக்கு வணக்கம்.

காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை எடுத்து வைத்துவிடுவது பலருக்கும் பழக்கம். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பெறும் உளச்சிகிச்சையையும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மனசைப் பற்றி அவர்கள் வளர்ந்த சூழல் சொல்லிக்கொடுத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அதை அளக்க முடியுமா? முடியும், சரியாகக் கேட்டால்.

எத்தனை பேர் விடுகிறார்கள் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. 1993இல் 125 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஏறக்குறைய 47 சதவீதம் என்று வந்தது. 2012இல் 669 ஆய்வுகளைத் தொகுத்தபோது 20 சதவீதத்தை ஒட்டி வந்தது. யாரை 'விட்டவர்' என்கிறோமோ அதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். எட்டு அமர்வு என்று கணக்கு வைத்தால், நான்காவதிலேயே தூக்கம் திரும்பி நிம்மதியாகப் போனவரும் விட்டவராகிவிடுவார். ஆகவே அந்த வரையறையை ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம்: கேள்வியின் சொற்கள்.

'உளச்சிகிச்சையில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?' கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் நம்பிக்கை என்ற ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது, பாருங்கள். இந்த முறை பலன் தரும் என்பதும் நம்பிக்கை. எதிரே இருப்பவர் நான் சொன்னதை வெளியில் சொல்லமாட்டார் என்பதும் நம்பிக்கை. நான் தேறிவிடுவேன் என்பதும் நம்பிக்கை. கடவுள் பக்தியும் நம்பிக்கை. ஒருவர் 'இருக்கிறது' என்று டிக் அடித்தால் எதற்கு அடித்தார்? நான்கையும் நான்கு வாக்கியமாகப் பிரித்துக் கேளுங்கள். 'நான் இங்கே பேசுவது என் வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறேன்.' இப்படி ஒருவர் வாயில் வரக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும்.

இன்னொரு சொல், ஆலோசனை. மனநல ஆலோசனை என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஆலோசனை என்றால் என்ன செய்யலாம் என்று யாராவது சொல்வது. வந்தவர் அதற்குத்தான் காத்திருக்கிறார். சிகிச்சையாளரோ கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். 'ஒன்றுமே சொல்லவில்லையே' என்று அவர் மறுவாரம் வராமல் போகலாம். ஆகவே 'முதல் நாளே வழி சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்' என்பதும் பட்டியலில் இருக்கட்டும்.

இத்தகைய வாக்கியங்களை மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் அவருடைய சகாக்களும் 1978இல் எழுதிய கட்டுரையின் கேள்விகள் இன்றும் உதவும்: இந்தப் பிரச்சினை எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது தொடங்கியது? எதற்கு மிகவும் பயப்படுகிறீர்கள்? பதினைந்து இருபது பேரிடம் இவற்றைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வேறு மொழியிலிருந்து அளவுகோலை, அதாவது ஏற்கெனவே எழுதப்பட்ட கேள்வித்தொகுப்பைக் கொண்டுவந்தால், ஒருவர் தமிழில் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மூல மொழிக்கே திருப்பி மொழிபெயர்ப்பார். இது நல்ல முறைதான், ஆனாலும் போதாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம் திருப்பும்போது அழகாகப் பொருந்திவிடும். நம்பிக்கை என்ற சொல் அப்படித்தான் தப்பித்துப் போகிறது! ஒவ்வொரு கேள்வியையும் சிலருக்கு வாசித்துக் காட்டி, 'இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது?' என்று கேட்டால் அது பிடிபடும்.

'பலன் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை' போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம். படிப்பவர் தடுமாறி, பதில் தலைகீழாகும். தாளைச் சிகிச்சையாளரே நீட்டினால் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'ஆம்' வரும். உறவினர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதே கதி. சாதி, மதம், மொழி என்ற கட்டங்களை நிரப்பிவிட்டு அதையே பண்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வீட்டில் அம்மாவும் மகளும் மனநோயை வேறு வேறாகப் புரிந்துவைத்திருப்பார்கள்.

எப்போது கேட்பது? முதல் அமர்வுக்கு முன் ஒருமுறை. சிகிச்சை எப்படி நடக்கும் என்று விளக்கியபின் இன்னொருமுறை. எட்டாவது வாரத்தில் மட்டும் கேட்டால் விட்டுப்போனவர் அங்கே இருக்கமாட்டார். தங்கியவர்களின் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாரையும் பற்றிப் பேசுவோம்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கணக்கைப் பற்றிச் சுருக்கமாக: விட்டாரா இல்லையா என்பதோடு, எத்தனையாவது அமர்வில் விட்டார் என்பதையும் குறியுங்கள். ஆய்வு முடியும் நாளில் இன்னும் வந்துகொண்டிருப்பவரை விட்டவர் கணக்கில் சேர்க்கவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. அதற்கென்றே உயிர்ப்புக்காலப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை இருக்கிறது; ஒருவர் எவ்வளவு காலம் நீடித்தார் என்பதை அது கணக்கில் எடுக்கும். தொடர்புகொள்ளச் சம்மதம் தந்துவிட்டு வராமல் போனவருக்கு, சிகிச்சையாளர் அல்லாத ஒருவர் போன் செய்து, 'கடைசியாக வந்துபோன அன்று என்ன நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனீர்கள்?' என்று கேட்கட்டும். வணக்கம்.